ரைட் குடும்பக் கடிதங்களில் தந்தையும் மகனும்

முன்னுரை

பிரிந்திருப்போரை இணைக்கும் பாலம் கடிதம். கூடி வாழும்போது சொல்லாமலே உணரப்படும் அன்பு, பிரிவின்போது சொல்லித் தீர வேண்டிய ஒன்றாகின்றது. ஆதலின் ஒரு குடும்பத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர்க்கு அக்குடும்பத்தார் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களே சிறந்த சான்றுகளாகும். மேடையில் பேசுவோர் பலர் கேட்பதற்காகப் பேசுகின்றனர். கடிதம் எழுதுவோர் ஒருவர் கேட்பதற்காகவே பேசுகின்றனர். அந்த ஒருவரை மனத்தில் நிறுத்தி எழுதுவதால் கடிதத்தில் உண்மை ஒளிர்கின்றது.

கடித இலக்கியத்தில் தந்தை மகனுக்கு எழுதும் கடிதங்களுக்குத் தனி இடம் உண்டு. அவை பெரும்பாலும் அறிவுரைக் கடிதங்களாகவே அமைகின்றன. தந்தை சொல்கின்றார், மகன் கேட்கின்றான். மகன் என்ன மறுமொழி எழுதினான் என்பதை நாம் பெரும்பாலும் அறிய இயலுவதில்லை. இரு குரல்களும் ஒருங்கே ஒலிக்கும் கடிதத் தொகுதிகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, வானூர்தியைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களின் குடும்பக் கடிதங்கள். தந்தை அஞ்சுகின்ற ஒரு செயலை மகன் செய்ய விரும்பும்போது இருவரும் ஒருவர்க்கொருவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? எல்லாக் காலத்திற்கும் எல்லாக் குடும்பத்திற்கும் உரிய இவ்வினாவிற்கு அக்கடிதங்கள் தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிதங்களின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் கடிதங்களால் பிணைக்கப்பட்டிருந்தன. 1885ஆம் ஆண்டு முதல் ஓர் அவுன்சு எடையுள்ள கடிதத்தை நாட்டின் எந்த மூலைக்கும் இரண்டு சென்ட் அஞ்சல் தலையில் அனுப்பலாம் என்ற நிலை இருந்தது. 1896ஆம் ஆண்டில் சிற்றூர்களின் வீட்டு வாயிலுக்கே கட்டணமின்றிக் கடிதம் கொண்டு சேர்க்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. இருப்புப் பாதைகள் அஞ்சலை விரைந்து சுமந்தன. தொலைபேசி வந்துவிட்ட போதிலும் நெடுந்தொலைவுப் பேச்சு எளியோர்க்கு எட்டாத செலவாக இருந்தது. அவசரச் செய்திக்குத் தந்தி. மனம்விட்டுப் பேசுவதற்குக் கடிதம் என்பதே அன்றைய வழக்கம்.

அக்காலத்தில் தந்தை மகன் கடிதம் என்பது மக்கள் விரும்பிப் படித்த இலக்கிய வடிவமாகவும் விளங்கிற்று. ஜார்ஜ் ஹொரேஸ் லாரிமர் என்னும் இதழாசிரியர், தன் முயற்சியால் உயர்ந்த சிகாகோ வணிகர் ஒருவர் தம் மகனுக்கு எழுதுவதாகக் கற்பனையில் அமைத்த கடிதங்கள் 1902ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து பெரும் புகழ் பெற்றன. அந்நூலில் தந்தையின் குரல் மட்டுமே கேட்கின்றது. 1901 முதல் 1909 வரை குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தம் பிள்ளைகளுக்கு எழுதிய உண்மைக் கடிதங்கள் அவர் மறைந்த 1919ஆம் ஆண்டிலேயே நூலுருப் பெற்றன. அதுவும் தந்தை எழுதிய கடிதங்களின் தொகுப்பே. ரைட் குடும்பக் கடிதங்களோ இரு கரைகளையும் நமக்குக் காட்டுகின்றன. ஒரு கரையில் தந்தையின் கவலையும் மறுகரையில் மகனின் முனைப்பும் நிற்கின்றன.

தந்தையும் இல்லமும்

தந்தை மில்டன் ரைட் 1828ஆம் ஆண்டு பிறந்தவர். கிறித்துவ சமயத்தின் ஐக்கிய சகோதரர் சபையில் பேராயராகப் பணியாற்றியவர். சபைப் பணிக்காக ஆண்டின் பெரும்பகுதியை இருப்பூர்தியிலும் அயலூர்களிலும் கழித்தவர். ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில், ஹாத்தார்ன் தெருவில் இருந்த ஏழாம் எண் இல்லத்திற்கு அவர் உடலால் வந்துபோன நாள்கள் குறைவு. கடிதத்தால் வந்த நாள்களோ மிகுதி. பிள்ளைகள் தந்தையைக் கையெழுத்தின் வழியே அறிந்து வளர்ந்தனர் எனலாம்.

1878ஆம் ஆண்டு ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது அவர் தம் சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, தாள் ஆகியவற்றால் ஆகி, முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையால் மேலெழும் பொம்மை அது. பதினொரு வயது வில்பரும் ஏழு வயது ஆர்வில்லும் அதனைக் கண்டு வியந்தனர். பறத்தலில் தம் நாட்டம் பிறந்ததற்கு அப்பொம்மையே காரணம் என்று பிற்காலத்தில் சகோதரர்கள் நினைவுகூர்ந்தனர். மகனைப் பற்றி அஞ்ச நேர்ந்த அந்த ஆசைக்கு வித்திட்டவர் தந்தையே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மில்டனின் இல்லத்தில் நூல்கள் நிறைந்திருந்தன. பேராயரின் வீட்டு நூலகத்தில், சமய நம்பிக்கைகளைக் கடுமையாக மறுத்த இங்கர்சாலின் நூல்களும் இடம்பெற்றிருந்தன. பிள்ளைகள் எதனையும் படிக்கலாம், எதனையும் வினவலாம் என்ற உரிமை அவ்வீட்டில் இருந்தது. தம் கொள்கையில் சிறிதும் வளையாத தந்தை, பிள்ளைகளின் சிந்தனைக்கு வேலியிடவில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் கடிதங்களின் தொனியை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

கல்லூரியை விரும்பிய மகன்

வில்பர் பள்ளிப் பருவத்தில் சிறந்த மாணவர், விளையாட்டு வீரர். யேல் பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வேண்டும் என்பது வீட்டாரின் எண்ணமாக இருந்தது. 1885ஆம் ஆண்டின் இறுதியையொட்டிய குளிர்காலத்தில் பனிமேல் ஆடும் ஆட்டத்தில் மட்டையடி பட்டு முன்பற்களை இழந்தார். அதனைத் தொடர்ந்து உடல்நலம் குன்றியது. கல்லூரி எண்ணம் கைவிடப்பட்டது. அதே காலத்தில் தாயார் சூசன் காசநோயால் படுத்த படுக்கையானார். தந்தை சபைப் பணியில் வெளியூர் செல்ல நேர்ந்தபோதெல்லாம் தாயைத் தாங்கும் பொறுப்பை வில்பர் ஏற்றார். 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் தாய் மறையும் வரை அப்பணி தொடர்ந்தது.

பின்னர்ச் சகோதரர்கள் அச்சுத்தொழிலும் மிதிவண்டித் தொழிலும் நடத்தினர். 1894ஆம் ஆண்டு செப்டம்பரில், இருபத்தேழு வயது வில்பர் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். வணிகத்தில் வெற்றி பெறும் இயல்பு தமக்கு இல்லை என்று தாம் கருதுவதாகவும், கல்லூரியிற் பயின்று ஆசிரியப் பணியை மேற்கொள்ள எண்ணுவதாகவும் அதிற் குறிப்பிட்டார். தந்தையின் பொருளுதவியையும் நாடினார். வணிக வாழ்வு மகனுக்குப் பொருந்தாது என்று தாமும் கருதுவதாகவும், இயன்ற அளவு உதவுவதாகவும் தந்தை விடையிறுத்தார்.

வில்பர் கல்லூரிக்குச் செல்லவில்லை. மிதிவண்டிக் கடையிலேயே இருந்துவிட்டார். ஆயினும் அக்கடிதத்தில் ஒரு செய்தி உள்ளது. இருபத்தேழு வயதினர் ஒருவர், தம் வாழ்வு பொருந்தவில்லை என்பதைத் தந்தையிடம் கூசாமல் ஒப்புக்கொள்கின்றார். அதனைக் கேட்ட தந்தையும் ‘இவ்வளவு காலம் கழித்தா?’ என்று கடியவில்லை. ஒப்புக்கொள்ளும் துணிவு மகனிடமும், ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை தந்தையிடமும் இருந்தமையால் பின்னாளில் இதனினும் பெரிய செய்திகளைச் சுமக்கும் வலிமை அவர்தம் கடிதங்களுக்கு வாய்த்தது.

நோயும் நீரும்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இரு செய்திகள் அவ்வில்லத்தை அடைந்தன. செருமனியில் மலைச்சரிவுகளிலிருந்து சிறகுப் பொறியோடு பறந்து பழகிய ஓட்டோ லிலியந்தால் கீழே விழுந்து இறந்தார் என்பது ஒன்று. அதே காலத்தில் ஆர்வில் டைபாய்டுக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டார் என்பது மற்றொன்று. தந்தை அப்போது வெளியூரில் இருந்தார். அவர் வீட்டிற்கு எழுதிய கடிதத்தில் நோயாளியைக் காற்றோட்டமுள்ள நல்ல அறையில் வைக்குமாறும், கடையிலிருந்த கிணற்று நீரை இனி எவரும் அருந்தலாகாது என்றும், குடிநீரைக் காய்ச்சியே பருக வேண்டும் என்றும் பணித்தார்.

இக்கடிதத்தில் புலம்பல் இல்லை. அஞ்சிய உள்ளம் அச்சத்தைச் சொல்லாமல் செய்ய வேண்டியவற்றைச் சொல்கின்றது. கவலையைக் கட்டளையாகவும் கட்டளையை நுட்பமான செயல்முறையாகவும் மாற்றுவது மில்டனின் எழுத்தியல்பு. அவ்வியல்பு மகனின் எழுத்திலும் அப்படியே இறங்கியிருப்பதை அடுத்துக் காண்போம். ஆர்வில் பிழைத்தெழுந்தார். லிலியந்தாலின் மரணச் செய்தியோ வில்பரின் உள்ளத்தில் பறத்தலைப் பற்றிய பழைய நாட்டத்தை எழுப்பிவிட்டது.

1900 செப்டம்பர்: இரு கடிதங்கள்

1899ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெர்சி பில்ச்சர் என்பவரும் அவ்வாறே பறக்க முயன்று விழுந்து மாண்டார். அதற்கு அடுத்த ஆண்டில் வில்பர் தாமும் அம்முயற்சியில் இறங்கத் துணிந்தார். ஓயாத காற்றும் மென்மணலும் உள்ள இடம் வேண்டியிருந்தது. வட கரோலினா மாநிலக் கடற்கரையில், அக்காலத்தில் பாலம் எதுவும் இல்லாத மணல்தீவிலிருந்த கிட்டி ஹாக் என்னும் சிற்றூரின் வானிலை நிலையத்திற்குக் கடிதம் எழுதிக் கேட்டார். நிலையத்தார் விடை அனுப்பினர். அவ்வூர்ப் பெரியவர் வில்லியம் டேட் என்பாரும் இடத்தின் தன்மையை விளக்கி அன்புடன் வரவேற்று எழுதினார். வானூர்தியின் வரலாறே ஒரு கடிதப் போக்குவரத்தில் தொடங்குகின்றது என்பது நமக்கு வியப்பளிப்பதாகும்.

செப்டம்பர் 3ஆம் நாள், வெளியூரில் இருந்த தந்தைக்கு வில்பர் எழுதினார். பறக்கும் பொறி ஒன்றைக் கொண்டு சில சோதனைகள் செய்வதற்காகச் சில நாள்களில் கடற்கரைக்குப் புறப்படுவதாகக் குறிப்பிட்டார். மனிதன் பறத்தல் இயலும் என்று தாம் நம்புவதாகவும், பொருளைவிட மகிழ்ச்சியை நாடியே இம்முயற்சியில் இறங்கியிருப்பதாகவும், புகழும் செல்வமும் கிட்டும் வாய்ப்பு சிறிது உண்டு என்றும், முன்னோர் எட்டிய நிலைக்கு மேல் தம்மால் செல்ல முடியும் என்பது உறுதி என்றும் எழுதினார். ஒன்றும் ஆகாவிடினும் சில வாரம் ஊர் சுற்றிப் பார்த்த பயன் உண்டு என்ற இலேசான சொல்லோடு அச்செய்தியை முடித்தார்.

இக்கடிதத்தின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. முதலில் செய்தி, அடுத்துக் காரணம், பின்னர்த் தன்னம்பிக்கை, இறுதியில் தந்தையின் மனச்சுமையைக் குறைக்கும் எளிய சொல் என்று அது படிப்படியாக நடக்கின்றது. மகன் இசைவு கேட்கவில்லை, தெரிவிக்கின்றார். வில்பர் டேட்டனை விட்டுப் புறப்பட்டது செப்டம்பர் 6ஆம் நாள். கடிதம் எழுதியதற்கும் பயணத்திற்கும் இடையே மூன்றே நாள்கள். தந்தையின் மறுப்பு வருமுன் புறப்பட்டுவிட வேண்டும் என்று எண்ணினார் போலும் எனச் சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. ஆனால் மறைக்க விரும்பியவர் எழுதாமலே சென்றிருக்கலாம். முப்பத்து மூன்று வயது நிரம்பியவர். தம் உழைப்பில் வாழ்பவர். அவர் எழுதியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தந்தை அறியாமல் தம் உயிரைப் பணயம் வைப்பது தகாது என்று அவர் கருதியதையே இக்கடிதம் காட்டுகின்றது.

இரண்டாம் கடிதம் செப்டம்பர் 23ஆம் நாள் கிட்டி ஹாக்கிலிருந்து எழுதப்பட்டது. தந்தையின் அச்சத்திற்கு விடை இதில்தான் உள்ளது. தம் பொறிக்கு எஞ்சின் இல்லை என்றும், சமநிலை காக்கும் சிக்கலைத் தீர்ப்பதற்கான பயிற்சியே தம் நோக்கம் என்றும் வில்பர் விளக்கினார். தம் எடையைப்போல் ஐந்து மடங்கைத் தாங்குமாறு பொறியை அமைத்திருப்பதாகவும் ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து வருவதாகவும் எழுதினார். பொறி வானத்தில் முறிய வாய்ப்பில்லை. முறிந்தால் தரையிறங்கும்போது நேரும் தடுமாற்றத்தாலேயே முறியும் என்றார். இவற்றிற்கு மேலாக ஒரு கருத்தையும் அவர் வெளியிட்டார். இச்சிக்கலை நெடுங்காலம் ஆராய்ந்து உண்மை காண விரும்புகிறவன் தீங்கான துணிச்சலில் இறங்கலாகாது என்பதும், தெரிந்தே ஏற்கும் ஆபத்தைவிடக் கவனக்குறைவும் மிகையான தன்னம்பிக்கையும் கேடு விளைப்பன என்பதும் அக்கருத்தாகும்.

‘அஞ்ச வேண்டா’ என்று எழுதுவது எவர்க்கும் எளிது. அஞ்சத் தேவையில்லாமைக்குரிய கணக்கை எழுதுவது அரிது. வில்பர் கணக்கை எழுதினார். கிணற்று நீரைக் காய்ச்சுக என்று நான்காண்டுகளுக்கு முன் தந்தை எழுதிய நடையும், ஐந்து மடங்கு எடை தாங்கும் என்று மகன் எழுதிய நடையும் ஒன்றே. தந்தையின் மொழியிலேயே மகன் தந்தைக்கு ஆறுதல் கூறினார். இக்கடிதங்கள் நமக்கு உணர்த்தும் தலையாய செய்தி இதுவே எனலாம்.

தந்தையின் வழக்கில் மகன்

இந்த உறவில் தாங்குபவர் என்றும் தந்தையே என்று எண்ணுதல் பிழையாகும். வானூர்திச் சோதனைகள் நடந்த அதே ஆண்டுகளில் மில்டன் தம் சபைக்குள் ஒரு கடும் போராட்டத்தில் சிக்கியிருந்தார். சபையின் பதிப்பகப் பொறுப்பாளர் நிதியைத் தவறாகக் கையாண்டதாக அவர் குற்றம் சாட்டினார். சபையில் ஒரு பிரிவினர் அவர்க்கு எதிராகத் திரண்டனர். முதுமையில், பல்லாண்டு உழைத்த தம் சபையாராலேயே பேராயர் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார்.

அப்போது வில்பர் என் செய்தார்? 1902ஆம் ஆண்டில் பதிப்பகக் கணக்கேடுகளை வரிவரியாக ஆராய்ந்து தந்தையின் கூற்று மெய்யென்று கண்டார். தந்தையின் பக்க நியாயத்தை விளக்கித் துண்டு வெளியீடுகள் எழுதினார். வழக்கை எவ்வாறு நடத்துவது என்பது குறித்துத் தந்தைக்கு ஆலோசனை வழங்கினார். சிறகின் வளைவை அளந்த அதே கண்கள் கணக்கேட்டின் வரிகளையும் அளந்தன. அவ்வாண்டுக் கோடையில் மூன்றாம் முறை கிட்டி ஹாக்கிற்குப் புறப்படுவதற்கும் தந்தையின் வழக்கு தடையாக இருந்தது. ஆயினும் மகன் தந்தையைக் கைவிடவில்லை. 1905ஆம் ஆண்டில் சபையின் பொதுப்பேரவை மில்டனின் பக்கம் நின்று அவரது நற்பெயரை நிலைநாட்டியது.

அதே கோடையில் தங்கை காதரின் தந்தைக்கு எழுதிய ஒரு கடிதம் அவ்வீட்டின் காட்சியை நம் கண்முன் நிறுத்துகின்றது. வில்பர் மணிக்கணக்கில் தையற்பொறியைச் சுழற்றிக்கொண்டிருப்பதையும், ஆர்வில் தரையில் குந்தித் தைக்க வேண்டிய இடங்களில் குறியிடுவதையும் அவர் நகைச்சுவையோடு எழுதினார். அது சிறகிற்கான துணி. மகன்கள் எதில் ஈடுபட்டுள்ளனர் என்பதை மகளின் கடிதம் வழியேயும் தந்தை அறிந்து வந்தார். அவ்வீட்டில் எவரும் எவர்க்கும் எதனையும் ஒளிக்கவில்லை.

வெற்றியை முதலில் அறிந்தவர்

1903ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், எஞ்சின் பொருத்திய வானூர்தியில் வில்பர் முதன்முதலாக மேலெழ முயன்றார். மூன்றரை நொடியில் ஊர்தி மணலில் மோதி நின்றது. அன்றே அவர் தந்தைக்கும் தங்கைக்கும் கடிதம் எழுதினார். எஞ்சினின் ஆற்றல் போதுமானதாக உள்ளது என்றும், புறப்படும் முறையில் நேர்ந்த பழக்கமின்மையே தவற்றிற்குக் காரணம் என்றும், இனி வெற்றி பற்றி ஐயமே இல்லை என்றும் அதிற் குறிப்பிட்டார். தம் பிழையைத் தம் பிழை என்றே தந்தைக்கு எழுதிய நேர்மை போற்றத்தக்கது.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள் நான்கு முறை ஊர்தி பறந்தது. ஆர்வில் மேற்கொண்ட முதற் பறத்தல் 12 நொடி, 120 அடி. வில்பர் மேற்கொண்ட நான்காம் பறத்தல் 59 நொடி, 852 அடி. உலக வரலாற்றை மாற்றிய இச்செய்தி முதலில் எவர்க்கு அனுப்பப்பட்டது? அரசுக்கன்று, நாளிதழ்க்கும் அன்று. ஹாத்தார்ன் தெரு ஏழாம் எண் இல்லத்திலிருந்த பேராயர் ரைட்டுக்கே ஆர்வில் தந்தி கொடுத்தார். நான்கு பறத்தல்களும் வெற்றி என்றும், இதழ்களுக்குத் தெரிவிக்குமாறும், கிறித்துமசுக்கு வீட்டிற்கு வந்துவிடுவோம் என்றும் அத்தந்தி கூறிற்று. வழியில் 59 நொடி 57 என்று திரிந்தது. அனுப்பியவர் பெயரும் எழுத்துப் பிழையுடன் வந்து சேர்ந்தது. மூத்த தமையன்களுள் ஒருவரான லோரின் அத்தந்தியை எடுத்துச் சென்று காட்டியபோது உள்ளூர்ச் செய்தியாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒரு நிமிடமும் நிரம்பாத பறத்தலில் என்ன செய்தி இருக்கிறது என்பது அவர் எண்ணம். உலகம் அறியத் தவறியதைத் தந்தை அறிந்துகொண்டார்.

கடல் கடந்த கடிதங்கள்

1907, 1908ஆம் ஆண்டுகளில் வில்பர் பிரான்சு நாட்டில் தங்க நேர்ந்தது. பாரிசு நகரின் கேளிக்கைகள் மகனின் ஒழுக்கத்தைக் கெடுக்குமோ என்று முதிய தந்தை கவலையுற்று எழுதினார். நாற்பது வயது நிரம்பிய மகன் அதனைக் கண்டு சினந்தாரில்லை. தந்தையும் தாயும் தந்த பயிற்சிக்கு இழுக்குத் தேடும் செயல் எதனையும் தாம் செய்யப்போவதில்லை என்று அமைதியாக விடையெழுதினார். மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆன தாயையும் அவ்விடையில் இணைத்துக்கொண்டமை நம் நெஞ்சைத் தொடுவதாகும்.

1908ஆம் ஆண்டு வில்பர் பிரான்சில் பறக்கவிருந்த காலத்தில் தந்தை எழுதிய மற்றொரு கடிதம் குறிப்பிடத்தக்கது. வில்பரின் உயிர் அவர்க்கும் குடும்பத்தார்க்கும் உரியது மட்டுமன்று. அதனைக் காப்பது உலகிற்குச் செய்யும் கடமையும் ஆகும். ஆதலின் தேவையற்ற ஆபத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பறக்காதே என்று எழுதவில்லை என்பதை நோக்குக. தந்தையின் அச்சம் மகனின் இலக்கை மறுக்காமல், அந்த இலக்கின் பெயராலேயே அவரிடம் எச்சரிக்கையை வேண்டுகின்றது. எட்டாண்டுகளுக்கு முன் மகன் தந்தைக்கு எழுதிய வாதத்தைத் தந்தை இப்போது மகனுக்கே திருப்பி எழுதுகின்றார் எனலாம். நெடுங்காலம் ஆராய விரும்புகிறவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே இருவர் வாதத்திற்கும் அடிப்படை.

அஞ்சியது அவ்வாண்டே நிகழ்ந்தது. செப்டம்பர் 17ஆம் நாள், ஃபோர்ட் மையர் படைத்தளத்தில் ஆர்வில் செலுத்திய ஊர்தி விழுந்தது. உடன் பறந்த படையதிகாரி தாமஸ் செல்ஃபிரிட்ஜ் உயிரிழந்தார். எஞ்சின் பூட்டிய வானூர்தி விபத்தில் இறந்த முதல் மனிதர் அவரே. ஆர்வில் கடும் எலும்பு முறிவுகளோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எண்பது வயதை நெருங்கிய தந்தை அவர்க்கு எழுதிய கடிதத்தில் ‘இத்தோடு விட்டுவிடு’ என்ற சொல் இல்லை. மகனின் வலியில் தாமும் பங்குகொள்வதாகவும், உயிர் காக்கப்பட்டமைக்கு நன்றி செலுத்துவதாகவும், எதிர்கால வெற்றியில் நம்பிக்கை கொண்டிருப்பதாகவும், துன்பத்தால் மனிதர் கற்கின்றனர் என்றும் எழுதினார்.

வாக்குறுதியும் விடுவிப்பும்

தந்தை தம் அச்சத்திற்காக மகன்களிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். இருவரும் ஒரே ஊர்தியில் சேர்ந்து பறக்கலாகாது என்பதே அது. ஒருவரை இழக்க நேர்ந்தாலும் மற்றவர் எஞ்சவேண்டும், பணியும் தொடரவேண்டும். உலகப் புகழ் பெற்ற பின்னரும் மகன்கள் அவ்வாக்குறுதியைக் காத்தனர்.

1910ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், டேட்டனை அடுத்த ஹஃப்மன் வெளியில், தந்தையின் இசைவோடு சகோதரர் இருவரும் முதன்முறையாகச் சேர்ந்து பறந்தனர். அதுவே இறுதி முறையுமாயிற்று. அன்றே எண்பத்தோரு வயது மில்டனும் ஆர்வில்லின் அருகில் ஊர்தியில் அமர்ந்தார். ஏறத்தாழ ஏழு நிமிடம் வானில் இருந்தார். இறங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். இன்னும் உயரச் செல்க என்றே அவர் மகனிடம் கூறினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பொம்மையைக் கொண்டுவந்த கைகள் அன்று வானூர்தியின் தாங்குகாலைப் பற்றியிருந்தன.

இரண்டாண்டு கழிந்தது. 1912ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வில்பர் தம் இல்லத்தில் காலமானார். அகவை நாற்பத்தைந்து. அவரைக் கொன்றது வானன்று, டைபாய்டுக் காய்ச்சல். தந்தை அஞ்சி எச்சரித்த இரு பகைகளுள் பெரிதெனத் தோன்றிய ஒன்றை மகன் வென்றார். சிறிதெனத் தோன்றிய மற்றொன்று மகனை வென்றது. அன்றைய நாட்குறிப்பில் மகனின் வயதை ஆண்டு, திங்கள், நாள் எனக் கணக்கிட்டு எழுதிய தந்தை, அவரது அறிவையும் அசையாத பொறுமையையும் அடக்கத்தையும் சில வரிகளில் பதிவுசெய்தார். அழுதேன் என்று எழுதவில்லை. கணக்கையும் செய்தியையும் எழுதும் அந்நடைக்குள் எத்தகைய துயரம் அடங்கியிருந்தது என்பதைக் கடிதங்களைப் பயின்ற நாம் உணரலாம். மில்டன் மேலும் ஐந்தாண்டுகள் வாழ்ந்து 1917ஆம் ஆண்டு மறைந்தார்.

முடிவுரை

ரைட் சகோதரர்களின் எழுத்துகளுள் முதன்மையானவை 1953ஆம் ஆண்டு இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. தந்தையின் நாட்குறிப்புகள் 1999ஆம் ஆண்டு நூலாயின. குடும்பத்தாவணங்களின் பெரும்பகுதி வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. பொறியியல் வரலாற்றிற்காகவே பலர் அவற்றை நாடுகின்றனர். இலக்கிய மாணவர்களாகிய நாம் அவற்றை வேறொரு நோக்கிலும் நாடலாம்.

கீழ்ப்படிதல் என்பது தன் விருப்பத்தைக் கைவிடுதல் என்றும், சுதந்திரம் என்பது பெற்றோரிடம் மறைத்தல் என்றும் இளமையில் நாம் எண்ணிவிடுகின்றோம். வில்பர் இரண்டையும் செய்யவில்லை. தம் வழியிலேயே சென்றார். செல்லும் வழியை ஒளிக்காமல் எழுதினார். மில்டனும் அஞ்சினார், அஞ்சியதை ஒளிக்காமல் எழுதினார். ஆயினும் தம் அச்சத்தை மகனுக்குத் தளையாக்கவில்லை. மகன் தந்தைக்கு இசைவுக்கு மாறாகக் காரணங்களை அளித்தார். தந்தை மகனுக்குத் தடைக்கு மாறாக நம்பிக்கையை அளித்தார். இடையில் இருந்தது இரண்டு சென்ட் அஞ்சல் தலை ஒட்டிய ஒரு தாள்.

விடுதியில் தங்கிப் பயிலும் மாணவ நண்பர்கள் நம்மிடையே பலர் உளர். வீட்டாரோடு நொடிப்பொழுதில் பேசும் வசதி இன்று கைக்குள் இருக்கின்றது. ‘நலம், உண்டேன், உறங்கப் போகின்றேன்’ என்பதற்கு அப்பால் நம் பேச்சு செல்கின்றதா என்று எண்ணிப் பார்க்கலாம். நாம் செல்ல விரும்பும் வழி எது, அதில் உள்ள இடர் எது, அதனை எதிர்கொள்ள நாம் செய்துள்ள ஆயத்தம் எது என்பவற்றை ஒருமுறையேனும் நம் தந்தையார்க்கு முழுமையாக எழுதிப் பார்ப்போம். எழுதும்போதே நம் எண்ணம் நமக்குத் தெளிவாகும். படிக்கும்போது அவர் அச்சம் அவர்க்கு இலகுவாகும்.